பிரைட்டின் அறைக்குச் சூடு போதவில்லை

மங்காஃப், குவைத்
13 டிசம்பர் 2024

பெர்சிக்கு,

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நான் ஹீட்டரை அணைத்துவிட்டு, எழுந்து உட்காரக்கூட முடியாத மகனைக் குளிரில் போட்டிருக்கிறேன் என்று, வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்க நிற்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சுசீலா இங்கே கேட்டது துபாயில் அவள் கணவன் காதுக்குப் போகும். அங்கிருந்து உனக்கு வரும். ஆகவே நானே எழுதி, வேலையாக இங்கே வந்து போகும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் சொல்வது தவறு. நவம்பர் கடைசியிலிருந்து ஹீட்டர் போட்டபடியேதான் இருக்கிறது. போட்டிருந்தும் சூடு போதவில்லை. அணைத்து வைப்பதும் போதாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது இவ்வளவு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ இங்கே இருந்தபோது இருந்த அதே மொட்டைமாடி ஏ.சி. யூனிட்தான். கோடையில் குளிர்ந்த காற்றும் இப்போது சூடான காற்றும் அதே வழியாகத்தான் எல்லா அறைக்கும் வர வேண்டும். தெர்மோஸ்டாட்டை இருபத்துநான்கில் வைத்திருக்கிறேன். பிரைட்டின் அறையில் காலையில் பதினேழுதான் இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கார் மோதிக் கழுத்தில் அடிபட்ட நாளிலிருந்து அவன் உடம்புக்கு நடுங்கத் தெரியாது. அறை எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு அவனும் குளிர்ந்துபோவான். போன வாரம் உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: அறையைச் சூடாக வைக்க முடியாவிட்டால் அவனை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். அதற்காகவே இந்தக் கடிதம்.

தனியாக ஒரு ஹீட்டர் வாங்கி வையுங்கள் என்று எழுதிவிடாதே. ஒன்று நீ வாங்கி வைத்தாய். அவன் பாதத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தோல் வெந்துகொண்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை. அப்படி ஒன்று இனி இந்த வீட்டுக்குள் வராது.

நீ போன பிறகு ஹாலைப் பலகையால் தடுத்து, பாதியை ஷாஜினி என்ற நர்ஸுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். குளச்சல் பக்கத்துப் பெண். டூட்டிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவளும் நானும் சேர்ந்து பிரைட்டைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். அவள் கைப்பலம் இல்லாமல் என்னால் தனியாக அது முடியாது. மற்றபடி சத்தமில்லாத பெண்தான்.

கட்டடக் காவலாளி ஹாரிஸிடம் சொல்லிப் பார்த்தேன். "மாஃபி முஷ்கில், மாமா" என்று, ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா என்று அரபியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். நீ இந்த ஏ.சி. வேலையில் இத்தனை வருஷம் இருக்கிறாய். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுது. போன் வேண்டாம். போனில் இரண்டு முறை நீ பாதியில் வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

பிரைட் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தத் தெர்மோஸ்டாட்ட களத்தி எனக்க நெத்தியில ஒட்டச் சொல்லுங்கம்மா. எனக்கு குளுந்தா அது தானா ஓடும்."

அம்மா


அல் கூஸ், துபாய்

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. சுசீலா அக்காவின் வீட்டுக்காரர் கேம்ப் வாசல் வரைக்கும் வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது ரூமில் இருக்கிற கௌஸ் முகம்மது எட்டிப் பார்த்து, "என்ன பெர்சி பாய், கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டான். இல்லை, அம்மா எழுதியது என்றேன். "அப்ப அதைவிடப் பெருசுதான்" என்றான்.

இனி விஷயம். முதலில் தெர்மோஸ்டாட்டில் ஹீட் என்ற இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா ஃபேன் மட்டும் ஓடினாலும் காற்று வரும், சத்தமும் கேட்கும், சூடு இருக்காது. அடுத்தது ஃபில்டர். யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு தகரக் கதவு இருக்கும், அதற்குள் இருக்கும். நீங்கள் மேலே ஏறாதீர்கள், ஹாரிஸை வைத்துக் கழுவச் சொல்லுங்கள். தூசி அடைத்திருந்தால் காற்று குறையும். பிறகு வீட்டுக்குள் மெயின் பெட்டியில் ஹீட்டருக்கு மூன்று பிரேக்கர். மூன்றும் மேலே இருக்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விடும். கடைசியாக, பிரைட்டின் அறையில் காற்று வருகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்து எவ்வளவு என்று பாருங்கள்.

பிரைட் உடம்பு விஷயம் அம்மா. ஒரு கடிதம் போய் வர எத்தனை நாள் ஆகிறது. போன் எடுங்கள். நான் வைக்க மாட்டேன்.

தனி ஹீட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதால் ஒன்று சொல்கிறேன். நான் அதை வைத்த இடம் கதவுப் பக்கம். அது எப்படிக் கட்டில் ஓரத்துக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சர்ச் முழுக்க, மகன் தம்பியின் காலைப் பொசுக்கிவிட்டான் என்று மட்டும் ஆனது. சரி. எழுத வந்தது அது இல்லை.

போன வருஷம் நான் சொன்ன மார்த்தாண்டத்துப் பராமரிப்பு இல்லத்தில் ஒரு இடம் இருக்கிறது. கேட்டு வைத்திருக்கிறேன். நல்ல இடம். ஆண் நர்ஸுகள் இருக்கிறார்கள். அங்கே குளிரே கிடையாது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரைட்டிடம் சொல்லுங்கள், நெற்றியில் ஒட்டினால் கொசுவத்தி மாதிரி இருப்பான்.

பெர்சி


மங்காஃப்
29 டிசம்பர் 2024

பெர்சிக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. எப்போது எழுதியது என்று தெரியாத கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

நீ சொன்னவற்றைப் பார்த்தாயிற்று. தெர்மோஸ்டாட் ஹீட்டில்தான் இருக்கிறது. பிரேக்கர் மூன்றும் மேலேதான் இருக்கின்றன. மொட்டைமாடிக்கு நான் ஏறினேன். ஹாரிஸை நம்பி விட்டிருந்தால் அவன் பக்கத்து வீட்டு யூனிட்டைக் கழுவியிருப்பான். சேலை மேல் உன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன், அவனுக்குச் சிரிப்பு. தகரக் கதவைத் திறந்தபோது சிரிப்பு நின்றது. தூசிக்காற்று மாதங்களுக்குப் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. ஃபில்டர் கம்பளி மாதிரி இருந்தது. இரண்டு முறை அலம்ப வைத்தேன். "கலாஸ், மாமா, கலாஸ்" என்றான், முடிந்ததாம். அழுக்குத் தண்ணீர் வருகிற வரைக்கும் கலாஸ் இல்லை என்றேன்.

தெர்மாமீட்டரைத் துடைப்பக் கம்பில் கட்டி, காற்று வரும் துவாரத்தில் பிடித்தேன். முப்பத்தெட்டு காட்டியது. ஆக, வருகிற காற்று சூடாகத்தான் வருகிறது. ஆனால் கொஞ்ச நேரம் வந்துவிட்டு நின்றுபோகிறது. மறுபடி வர வெகு நேரம் ஆகிறது. அறையில் பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை. சில ராத்திரி மட்டும் தானாகவே சரியாகி, காலையில் இருபத்துமூன்று இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. ஒரு பொருள் பழுதென்றால் எல்லா நாளும் பழுதாக இருக்க வேண்டும். இது ஆளைப் பார்த்து வேலை செய்வது போல இருக்கிறது.

இல்லத்தைப் பற்றி நான் போன வருஷமே பதில் சொல்லிவிட்டேன். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பிள்ளையைத் தர்மத்துக்கு விடுவதற்கில்லை. யார் நகர்த்தினார்கள் என்று கேட்பதற்கு அன்றைக்கு உனக்கு வாய் இருந்தது. நீ கேட்காமல் ஏர்போர்ட்டுக்குப் போனாய்.

போன் வேண்டாம் என்று சொன்னதை மறுபடி சொல்ல வைக்காதே.

பிரைட்டுக்குச் சளி கட்டியிருக்கிறது. ஷாஜினி முதுகில் தட்டி எடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வட்டயப்பம் செய்தாள். பலகைக்கு இந்தப்பக்கம் நின்று அவனுக்கு ஊட்டிவிட்டு, இருவரும் கிரிக்கெட் பார்த்தார்கள். பிறக்கப் போகும் வருஷம் உனக்கும் நன்றாக இருக்கட்டும்.

அம்மா


அல் கூஸ்
5 ஜனவரி 2025

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

தேதி போட்டுவிட்டேன்.

நீங்கள் மொட்டைமாடிக்குப் போனதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு கௌஸ் முகம்மதுக்குப் படித்துக் காட்டினேன். உன் அம்மாவை நம் கம்பெனிக்கு சூப்பர்வைசராகக் கூட்டி வா, நாளைக்கே எல்லாப் பயலும் ஒழுங்காகிவிடுவான் என்கிறான்.

முப்பத்தெட்டு என்றால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது அம்மா. மேலே ஒன்றும் கோளாறு இல்லை. வீடு சூடாகிவிட்டது என்று ஏதோ அதற்குப் பொய் சொல்கிறது. அதனால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. இந்த வேலையில் அதைத்தான் முதலில் தேட வேண்டும், நான் தூரத்தில் இருப்பதால் கடைசியில் வந்து நிற்கிறேன்.

இரண்டு விஷயம் எழுதுங்கள். எந்தெந்த ராத்திரி நன்றாக இருக்கிறது, எந்த ராத்திரி இல்லை. அந்த ராத்திரிகளில் வீட்டில் என்ன வித்தியாசம். இரண்டாவது, ஹாலில் பலகை வைத்தீர்களே, தெர்மோஸ்டாட் பலகைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? உங்கள் பக்கமா, அந்த நர்ஸ் பக்கமா?

சளி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே ஒரு டவரில் நாற்பது மாடிக்கும் யார் வீட்டில் எத்தனை டிகிரி என்று ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தம்பியின் அறையில் எத்தனை என்று தெரிய ஒரு வாரம் ஆகிறது.

பெர்சி


மங்காஃப்
11 ஜனவரி 2025

பெர்சிக்கு,

உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். தெர்மோஸ்டாட் ஷாஜினியின் பக்கம் இருக்கிறது. அவளுக்கு நைட் டூட்டி இருக்கும்போது பிரைட்டின் அறை சூடாக இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் குளிர்கிறது. டிசம்பர் முழுவதும் அப்படித்தான். காலண்டரில் அவள் டூட்டியை அவளே எழுதி மாட்டியிருக்கிறாள். அதோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட மாறவில்லை.

ஏதோ அதற்குப் பொய் சொல்கிறது என்று எழுதினாய். ஏதோ அல்ல, யாரோ. அவள் பக்கம் போய்ப் பார்த்தால் எப்போது பார்த்தாலும் இருபத்துநான்கில்தான் இருக்கிறது. நான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் திருப்பி வைத்துவிடுகிறாள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. புழுக்கமாக இருக்கிறது என்று ஒரு நாள் அவள் வாயாலேயே சொன்னாள். கையில்லாத பனியனோடு உட்கார்ந்திருந்தாள், ஜனவரி மாதத்தில்.

நல்ல குடும்பத்துப் பெண் என்று நம்பி வீட்டுக்குள் விட்டேன். இன்னும் ஒரு டூட்டி மாற்றம் பார்த்துவிட்டு, இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து கேட்கப் போகிறேன். சாட்சி வேண்டும் என்பதால் சுசீலாவையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அவனுக்கு உடம்புச் சூடு முப்பத்துநாலரைதான் இருந்தது. வெந்நீர்ப்பை வைக்கவும் பயமாக இருக்கிறது. என் கம்பளியையும் போட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா


அல் கூஸ்
18 ஜனவரி 2025

அம்மா,

அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்காதீர்கள். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. பெர்சியின் போனை எடுக்கச் சொல்லுங்கள் என்று சுசீலா அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். "டீச்சர் எழுதச் சொன்னாங்களாம் தம்பி, நான் எப்படி வற்புறுத்த" என்கிறார். சர்ச் முழுக்கப் பரவிவிடும் என்று காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

அவள் திருப்பவில்லை அம்மா. அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. டிவிக்காக நானே போட்டது. இப்படி வீட்டைப் பங்கிட்டு ஷேரிங்கில் இருக்கிற எல்லா நர்ஸுக்கும் ரைஸ் குக்கரும் அயர்ன் பாக்ஸும் உண்டு. பாதி ஹாலில் இருக்கிற பெண் அதை எங்கே வைப்பாள்? அந்த ஒரு பிளக்கில்தான் வைப்பாள். குக்கர் ஆவி நேராக மேலே போகும். வீடு முழுக்க இருபத்தைந்து இருபத்தாறு என்று நினைத்து அது ஹீட்டரை நிறுத்திவிடும். சமையல் முடிந்தால் யூனிஃபார்ம் அயர்ன், அப்புறம் சோறு சூட்டில் இருக்கட்டும் என்று குக்கரை ராத்திரி முழுக்க அப்படியே விட்டிருப்பாள். பலகை இருப்பதால் அந்தச் சூடு வெளியேயும் வராது. அதனால்தான் அவளுக்குப் புழுக்கம். நைட் டூட்டி அன்றைக்குக் குக்கர் இல்லை, அயர்ன் இல்லை. அதனால்தான் சூடு.

முன்னெல்லாம் ஹால் முழுசாக இருந்தது. அதனால் இது வரவில்லை. பலகை என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

குக்கரை அடுத்த சுவருக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போதும். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அந்தப் பெண் போய்விட்டால் பிரைட்டை யார் புரட்டுவது?

பெர்சி


மங்காஃப்
1 பிப்ரவரி 2025

பெர்சிக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை வந்தது. சுசீலாவின் கணவர் விமானத்தைத் தவறவிட்டு மறுநாள் வந்தார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஷாஜினியை என் பக்கம் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டேன். கோபத்தில் குரல் உயரக் கூடாது என்றால் எனக்கு ஆங்கிலம்தான் சரிப்படும். கான்வென்ட்டில் டீச்சராக இருந்த காலத்தில் கன்னியாஸ்திரீகள் அப்படிப் பழக்கிவிட்டார்கள். தெர்மோஸ்டாட்டைத் தொடுகிறாயா என்றேன். "இல்ல டீச்சர்" என்றாள். காலண்டரைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல்ல டீச்சர். ஆனா நான் தொடல்ல" என்றாள். தொடாமல் எப்படி உன் டூட்டியோடு ஒத்துப்போகிறது, உன் சுகத்துக்காக ஒரு நோயாளியைக் குளிரில் போடுவதுதான் நர்ஸிங்கில் சொல்லிக் கொடுத்ததா என்றேன். சுசீலா "விடுங்க டீச்சர்" என்றாள். உள்ளே இருந்து பிரைட், "அம்மா, போதும், நிறுத்துங்கம்மா" என்று கத்தினான். அவனுக்குக் கத்தும் மூச்சு இல்லை, இருமல் வந்துவிட்டது. ஷாஜினி ஓடிப்போய் அவனைச் சாய்த்துப் பிடித்தாள். இருமல் அடங்குகிற வரை பிடித்திருந்தாள். அதன் பிறகுதான் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"பன்னெண்டு மணிக்கூர் நின்னு வேல பாத்துட்டு வந்து ஒங்க மகனப் புரட்டிப் போடுகேன். அதுக்கு ஏதாவது கேட்டேனா டீச்சர்? அவருக்கு குளுரணும்னு நான் செய்வேனா? சுசீலாக்கா முன்னால வச்சு கேட்டுட்டீங்களே. இந்தப் பேச்சு நாளைக்கு எங்க ஆஸ்பத்திரி வரைக்கும் போவும்."

சாயங்காலமே ஃபஹாஹீலில் இருக்கும் தோழிகளுக்கு போன் செய்தாள். காரில் வந்து பெட்டியையும் கட்டிலையும் குக்கரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்முன் பிரைட்டைக் கடைசியாக ஒரு முறை புரட்டி, முழங்காலுக்கு நடுவில் தலையணையைச் சரியாக வைத்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி அவன் அறை இருபத்துநான்கு. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து முதல் முறை. என் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் உன் கடிதம் வந்தது.

நீ சொல்வது சரியா, நான் சொன்னது சரியா என்று அவள் போனதை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டுக்கும் அதே விளைவுதான். ஆகவே திங்கட்கிழமை என் குக்கரை எடுத்துக்கொண்டு பலகைக்கு அந்தப்பக்கம் போனேன். நீ சொன்ன பிளக்கில் சொருகி அரிசி போட்டேன். ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெர்மோஸ்டாட்டை யாரும் தொடவில்லை. வீட்டில் என்னைத் தவிர தொடக் கையுள்ளவர்களும் இல்லை. ஆவி மேலே போனது. கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் நின்றது. சோறு வெந்த பிறகும் அது திரும்ப வரவில்லை. குக்கரைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு, சுவர் ஆறி, வந்தது.

பிரைட்டுக்கு அந்தச் சோற்றைத்தான் ஊட்டினேன். "என்னம்மா, அந்தப்பக்கம் போய்ப் பொங்கினீங்க?" என்று கேட்டான். சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. ராத்திரி நான் கம்பளியை மடித்து வைக்கும்போது, "எனக்கு அந்தக் குளுரே மதி, இந்தச் சூடு வேண்டாம்" என்றான்.

நான் கேட்ட கேள்வி நியாயமானது. அன்று எனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டேன். இதை நீ என்னிடம் மறுத்து எழுத வேண்டாம்.

ஹாரிஸும் நானும் சேர்ந்து பிரைட்டைப் புரட்டுகிறோம். ஹாரிஸுக்கு அவன் ஒரு சிமெண்ட் மூட்டை.

அம்மா


அல் கூஸ்
8 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

மறுத்து எழுதவில்லை.

ஷாஜினியிடம் போங்கள். நீங்களே போங்கள். சாரி என்று ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள், அதை நாங்கள் தினமும் லிஃப்டில் சொல்கிறோம். நம் பாஷையில், தப்பு என்னுடையது, மன்னிச்சிரு மக்களே என்று, சொந்த மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லுங்கள். அவ்வளவு சொன்னால் அந்தப் பெண் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். சொல்வீர்களா என்றுதான் தெரியவில்லை.

என்னிடம் வேறு வழி கேட்டால் இல்லை. ஆபீஸில் அவசர லீவ் கேட்டேன். ரம்ஜான் வரப்போகிறது, ஜூன் வரை யாரையும் விட முடியாது, வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டுப் போ என்று சிரிக்காமல் சொன்னார்கள். விட்டுவிட்டு வந்தால் பிரைட்டின் மருந்துக்கு யார் அனுப்புவது? இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். மாதம் மாதம் சுசீலா அக்காவின் வீட்டுக்காரர் மூலம் சர்ச் உதவி என்று வருவது யார் கொடுப்பது என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்காதது நல்லதுதான்.

மார்த்தாண்டத்து இல்லத்துக்கு போன் செய்தேன். நான் கேட்டு வைத்திருந்த இடத்தைப் பொங்கலுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் எவ்வளவு நாள் காத்திருப்பது தம்பி என்று கேட்டார்கள்.

பெர்சி


மங்காஃப்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள பெர்சி,

ஷாஜினியிடம் போனேன். நானே போனேன். ஃபஹாஹீலில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகளை வாசல் வரை சொல்லிக்கொண்டே போனேன். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது வேறு. "குக்கரால் ஆனது என்று தெரிந்துவிட்டது. நீ திரும்பி வரலாம்" என்றேன்.

அவள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "எனக்கு ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர். நான் வரமாட்டேன்" என்றாள். பிரைட்டை எப்படிப் புரட்ட வேண்டும், எந்த இடத்தில் தோல் சிவந்தால் பயப்பட வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். படியில் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். நீ சொல்லச் சொன்னதை அந்தப் படிகளிலாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

தாளில் இருந்ததைச் செய்ய எனக்குக் கை போதவில்லை. மணிக்கணக்குக்கு வந்த ஒரு பெண் இரண்டு நாளில் நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே தோல் பிளந்துவிட்டது. பதினெட்டாம் தேதி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு தெரிகிறது, பெர்சி. சீழ் உள்ளே இறங்கிவிட்டால் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்கிறார். பலமுள்ள இரண்டு பேர் ராத்திரி பகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஆள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது இந்த ஊரில் யாரும் பார்க்காத குளிர். ஜன்னல் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. ஆராதனைக்குக்கூடப் பாதிப் பேர் வரவில்லை. பிரைட்டின் அறை இருபத்துநான்கில் இருக்கிறது. ஹீட்டர் தேவையான நேரத்துக்கு ஓடி, தேவையான நேரத்துக்கு நிற்கிறது. அவன் உதடு சிவப்பாக இருக்கிறது. வேலை என்று பார்த்தால் நீ செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவன் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறான். பலகையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான்.

அவனைத் தர்மத்துக்கு விடுவதற்கில்லை என்று எழுதியிருந்தேன். அதை விட்டுவிடுகிறேன். மார்த்தாண்டமோ வேறு ஊரோ, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண் நர்ஸ் உள்ள எந்த இடமானாலும் சரி. கேள். நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைப் படுத்தபடியே விமானத்தில் கொண்டுபோகக் கூட ஒரு ஆண் வேண்டும். சுசீலாவின் கணவரிடம் கேட்க எனக்கு மனம் இல்லை. அவன் அண்ணன் நீ. சர்ச் உதவி என்று வந்ததை இனி சர்ச் உதவி என்று சொல்ல வேண்டாம்.

வேலை போகும் என்று எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஜூன் வரை அந்தப் புண் காத்திருக்காது. நீ வர முடியாது என்றால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும். அவன் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவனுக்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

வருகிறாயா, இல்லையா என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா